பைலானோடு நின்ற ஓட்டம்

சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு விமானம் கொல்கத்தாவில் இறங்கியது. கோவையில் கிளம்பும்போது நல்ல வெயில். இங்கே சன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. சாம்பலைக் கரைத்துவிட்டாற்போல ஒரு மூட்டம். சக்கரம் தரையில் தட்டிய பிறகுதான் கீழே தரை இருக்கிறது என்றே நம்பிக்கை வந்தது.

நான் கோவையில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. வயது நாற்பத்தேழு. அரையாண்டு விடுமுறையில் ஒன்பது நாளை எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். கொல்கத்தாவைச் சுற்றிப் பார்க்க அல்ல, ஓடுவதற்கு. ஜனவரிக் கடைசியில் ஒரு தொடரோட்டம், அதற்கான பயிற்சி இப்போது. நகரின் நடுவே மைதானம் என்றே பெயர் பெற்ற பெரிய புல்வெளியில் தொடங்கி, டைமண்ட் ஹார்பர் சாலை வழியே தெற்கே காக்த்வீப் வரை ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். நான்கு பேர் கொண்ட அணி. ஒருவர் ஒரு பகுதியை ஓடி முடித்து, மணிக்கட்டில் கட்டிய துணிப்பட்டையைக் கழற்றி அடுத்தவரிடம் தரவேண்டும். பங்கிட்டுப் பார்த்தால் ஆளுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் வரும். அந்த அணியில் என் தங்கை கவிதா ஒருத்தி. நான்காவது ஆள் விலகிவிட்டதால் என்னைச் சேர்த்திருந்தார்கள்.

வெளியே கவிதா நின்றிருந்தாள். கல்யாணமாகி பத்தொன்பது வருடமாக இந்த ஊர்க்காரி. பெஹாலாவில் இரண்டாவது மாடியில் வீடு. கணவருக்கு வங்கி வேலை, இப்போது சிலிகுரியில், மாதம் இருமுறை வருவார். மகள் பெங்களூரில் படிக்கிறாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பத்துப் பதினைந்து அடி தூரத்திலேயே கவனித்தேன். இடது காலை முழுதாக ஊன்றாமல், வெளி ஓரத்தில் வைத்து வந்தாள்.

“கால்ல என்னடி?”

“ஒண்ணுமில்லக்கா. ரொம்ப நேரம் நின்னேனில்ல, மரத்துப்போச்சு.”

வாடகைக் கார் அறுநூற்று நாற்பது ரூபாய். இருபத்தைந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி இருபது நிமிடம். நியூ டவுனின் உயரமான கட்டிடங்களுக்கு இடுப்புக்கு மேல் உடம்பில்லை, மூட்டம் விழுங்கியிருந்தது. ஓட்டுநர் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, நான்கு நாளாக வெயிலே வரவில்லை என்று சொன்னதாகக் கவிதா மொழிபெயர்த்தாள். அவரோடு பேசும்போது அவள் குரலே மாறியது. வங்காள மொழியில் அவள் என்னைவிட வயதானவள்போலப் பேசுகிறாள்.

அவள் காலில் இருந்தது நான் அனுப்பிய ஷூ.

அதைப் பற்றிச் சொல்லவேண்டும். சாதாரண ஓட்ட ஷூவில் குதிகாலுக்கடியில் கனத்த மெத்தை இருக்கும். இதில் கிடையாது. அடியில் ஆறு மில்லிமீட்டர் ரப்பர் மட்டும். கிட்டத்தட்ட வெறுங்கால்தான். இதைப் போட்டால் குதிகாலைத் தட்டி ஓட முடியாது, பாதத்தின் முன்பகுதிதான் முதலில் தரையைத் தொடும். முழங்காலுக்குச் சுமை குறையும். ஆனால் அந்தச் சுமை எங்கேயும் போய்விடுவதில்லை. ஆடுதசைக்கும், விரல்களுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய எலும்புகளுக்கும் இறங்கும். அவை பழகுவதற்கு நாள் பிடிக்கும். எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. என் முழங்கால் வலி போனதும் எனக்கு அந்த ஷூ மேல் ஒரு வெறியே வந்துவிட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

போன ஜனவரியில் இதே ஓட்டத்தில், டைமண்ட் ஹார்பருக்குச் சற்று முன்னால், கவிதாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. சாலையோரம் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த இடத்தில் மற்ற மூவரும் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். அணி ஓட்டத்தை விட்டு விலகியது. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவள் எத்தனை முறை ஃபோனில் சொல்லி அழுதிருப்பாள் என்று எனக்குக் கணக்கில்லை. அதனால்தான் அக்டோபரில் ஷூவை அனுப்பினேன். ஓட்டத்துக்கு நாள் குறைவாக இருந்ததால், எனக்கு ஒன்றரை வருடம் பிடித்ததை அவளுக்குப் பத்து வாரமாகச் சுருக்கி அட்டவணை எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே கை கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் எழுதினேன்.

ஞாயிறு காலை ஆறு மணி, மைதானம். பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. புல் நனைந்து ஜில்லென்று இருந்தது. எங்கேயோ ஒரு குதிரை கனைத்தது, கடைசிவரை அதைப் பார்க்கவே இல்லை. புகையும் பனியும் சேர்ந்து தொண்டையில் கரி வாசனை.

அணியின் மற்ற இருவரையும் அங்கேதான் பார்த்தேன். தபன்தாவுக்கு ஐம்பத்தாறு வயது, காளிகாட் கோவில் சந்தில் சங்கு வளையல் கடை வைத்திருக்கிறார். பெயர் தபன். ‘தா’ என்பது அண்ணன் என்று மரியாதை. மிதாலி நியூ டவுனில் மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறவள், முப்பதைத் தாண்டியிருக்கலாம். ஸ்கூட்டரில் தண்ணீர்ப் பாட்டில்களைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மூன்று பேர் காலிலும் அதே மெல்லிய ஷூ. கவிதாவைப் பார்த்து மற்றவர்களும் மாறியிருந்தார்கள்.

“உங்க அட்டவணைதான் எங்களுக்கும்,” என்றார் தபன்தா, இந்தியும் ஆங்கிலமும் கலந்து. “கவிதா எங்களுக்கு வங்காளத்தில எழுதிக் குடுத்தா. டீச்சர் சொன்னா சரியாத்தானே இருக்கும்?”

நான் சிரித்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

பட்டை மாற்றுவதைப் பழகினோம். ஓடிவருகிறவர் நூறு மீட்டருக்கு முன்பே பட்டையைக் கழற்றிக் கையில் பிடிக்கவேண்டும், வாங்குகிறவர் மெல்ல ஓடத் தொடங்கியிருக்கவேண்டும். பன்னிரண்டு கிலோமீட்டர் ஆயிற்று. கவிதா எனக்கு முன்னால் ஓடும்போது அவள் காலடிச் சத்தத்தைக் கேட்டேன். வலது கால் மெத்தென்று விழுந்தது. இடது கால் விழுந்ததும் பறந்தது, சூடான கல்லில் வைத்ததுபோல. இருபது வருடமாகப் பிள்ளைகளின் ஓட்டத்தைக் காதால் கேட்டுப் பழகியவள் நான். எனக்கு அது புரியாமல் போக வழியில்லை.

“ஆஸ்தே, கவிதா, ஆஸ்தே!” என்று தபன்தா பின்னாலிருந்து கத்தினார். மெதுவாக என்று அர்த்தம். அவள் வேகத்தைக் கூட்டினாள்.

முடிந்ததும் மண் குவளையில் டீ, பத்து ரூபாய். மிதாலி ஏதோ சொன்னாள், மூவரும் சிரித்தார்கள். கவிதாவின் சிரிப்பைப் பார்த்தேன். இரண்டாவது மாடி வீட்டில் வாரம் முழுக்கத் தனியாக இருக்கிறவளுக்கு இந்த இரண்டு பேர்தான் ஊர், உறவு எல்லாம் என்று தோன்றியது.

திங்கள் ஓய்வு நாள். காலையிலிருந்து வீட்டுக்குள் விளக்குப் போட்டே இருந்தோம். மதியம் இரண்டரை மணி இருக்கும். குளியலறையைக் கடந்து போனேன். கதவு திறந்திருந்தது. கவிதா ஸ்டூலில் உட்கார்ந்து வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்திருந்தாள். இடது காலை மட்டும் வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாதத்தின் மேல்புறம், நடுவிரலுக்குப் பின்னால், தோல் பளபளவென்று வீங்கியிருந்தது. வலது பாதத்தில் தெரிகிற நரம்புகள் இதில் தெரியவில்லை.

அப்போது நான் செய்திருக்கவேண்டியது ஒரு நிமிட வேலை. கட்டை விரலால் அந்த எலும்பு நெடுகிலும் அழுத்திப் பார்க்கவேண்டும். பிறகு அந்தக் காலில் மட்டும் நின்று ஒரு குதி குதிக்கச் சொல்லவேண்டும். என் பள்ளியில் எந்தப் பெண் கால் வலி என்றாலும் இதைத்தான் செய்வேன். குதிக்க முடியவில்லை என்றால் ஓட்டம் இல்லை, மருத்துவரிடம் போ என்பேன். பெற்றோர் வந்து சண்டை போட்டாலும் கேட்கமாட்டேன்.

கவிதா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

“ராத்திரிக்குச் சப்பாத்தி போட்டுக்கலாமா, சாதமே வெச்சர்லாமா?” என்று கேட்டேன்.

அவள் துடைத்த காலை மறுபடி வாளிக்குள் வைத்தாள். “உன்ற இஷ்டம்க்கா,” என்றாள்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். காலை வழிபாட்டில் தலைமையாசிரியை என் ஓட்டத்தைப் பற்றி அறிவித்திருந்தார், பிள்ளைகள் கை தட்டியிருந்தார்கள். அது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் வேறு. அந்த எலும்பில் விரிசல் என்றால், அதை உண்டாக்கியது நான் அனுப்பிய ஷூ. நான் எழுதிய பத்து வாரம். அதை விரலால் தொட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

செவ்வாய் அவளுக்கு நான்கு கிலோமீட்டர் மெதுவோட்டம். துணி துவைக்கவேண்டும் என்று சொல்லி அவளே தவிர்த்துவிட்டாள். நான் தனியாக ஓடிவிட்டு வந்தேன்.

புதன் காலை ஐந்தே முக்கால். நீண்ட பயிற்சி நாள். பெஹாலா சௌரஸ்தாவிலிருந்து ஆம்தலா வரை பதினேழு கிலோமீட்டரை நால்வரும் பங்கு போட்டு ஓடி, பட்டையை உண்மையான சாலையில் மாற்றிப் பார்ப்பதாகத் திட்டம். முதலில் நான், ஜோக்கா வரை. அங்கிருந்து கவிதா, பைலான் வரை. பிறகு தபன்தா, கடைசியில் மிதாலி. தபன்தாவை ஏற்றிக்கொண்டு மிதாலி ஸ்கூட்டரில் முன்னால் போய்விட்டாள். கவிதா ஆட்டோவில் ஜோக்காவுக்குப் போனாள்.

தலைக்கு மேலே மெட்ரோ ரயிலின் பாலம், அதன் தூண்களுக்கு நடுவே மஞ்சள் விளக்குகள். லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டே என்னை ஒட்டிப் போயின. தாக்கூர்புகூர் சந்தையில் மீன் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சாலை முழுக்க ஈரம். ஐந்தரைக் கிலோமீட்டரை முப்பத்தாறு நிமிடத்தில் ஓடி ஜோக்காவில் பட்டையைக் கொடுத்தேன். கவிதா வாங்கும்போது அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன.

“முடியுமாடி?” என்றேன். பட்டையைக் கொடுத்துவிட்டுக் கேட்கிற கேள்வியா அது?

அவள் ஓடிவிட்டாள்.

நான் பைலானுக்குப் பேருந்து ஏறினேன், பத்து ரூபாய். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் பேருந்து அவளைத் தாண்டியது. சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அவள் முகம் எனக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து குளிரில் கன்னத்தில் கோடாக நின்றது. இடது கால் ஒவ்வொரு முறை விழும்போதும் தோள் கோணியது. நடத்துநர் எனக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். ‘நிறுத்துங்க’ என்று எந்த மொழியில் சொல்லியிருந்தாலும் அவருக்குப் புரிந்திருக்கும். நான் சொல்லவில்லை. இன்னும் இரண்டரைக் கிலோமீட்டர்தானே என்று நினைத்தேன்.

பைலானில் தபன்தா கையைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஏழு மணிக்கு அவள் வந்திருக்கவேண்டும். ஏழே கால் ஆயிற்று. மிதாலி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து கவிதா வந்தாள். ஓடவில்லை. வலது காலால் நடந்து, இடது குதிகாலை இழுத்துக்கொண்டு வந்தாள். பட்டையைக் கழற்றி, நாங்கள் பழகியபடியே கையை நீட்டிப் பிடித்திருந்தாள். தபன்தா ஓடிப்போய் அவளைத் தாங்கினார். அவள் முதலில் பட்டையை அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள். அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தாள்.

“டக்குனு ஒரு சத்தம்க்கா,” என்றாள். “பென்சில ஒடிச்சாப்பல.”

தாக்கூர்புகூரில் ஒரு சின்ன மருத்துவமனை. எக்ஸ்ரே நானூற்றைம்பது ரூபாய். மருத்துவர் இளைஞர், பொறுமையானவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நடுவிரலுக்குப் பின்னால் உள்ள எலும்பு இரண்டாகப் பிரிந்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு படலம்.

“இது இன்னிக்கி ஆரம்பிச்சதில்ல,” என்றார். “உடம்பு தானா ஒட்டவைக்கப் பாத்திருக்கு, இந்த வெள்ளை அதுதான். எத்தன நாளா வலி?”

“ஆறு வாரம்,” என்றாள் கவிதா.

“வீட்டுல யாரும் கவனிக்கலையா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. “வீட்டுல யாருமில்ல, டாக்டர்,” என்றாள்.

ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு, தரையில் ஊன்றக்கூடாது. ஓட்டத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை, பேச ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து, தபன்தாவும் மிதாலியும் அவளை நாற்காலியோடு இரண்டு மாடி தூக்கிவிட்டுப் போனார்கள். கீழ்வீட்டு அம்மாள், கவிதா ‘காகிமா’, அதாவது சித்தி, என்று கூப்பிடுகிறவர், குழைந்த சோறும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தார். மதியம் மூன்று மணிக்கே சாயங்காலம்போல இருந்தது. கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தேன்.

“நான் திங்கக்கிழமையே பாத்தேன், கவி,” என்றேன். “வீக்கத்தப் பாத்தேன்.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“பாத்ரூம் கதவ ஏன் தொறந்து வெச்சிருந்தேன்னு நெனைக்கற?” அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “ஏர்போர்ட்டுல நீ கேட்டப்பவே, இவ கண்டுபுடிச்சுட்டா, நிறுத்திப்போடுவான்னு இருந்தேன். ஞாயித்துக்கெழம உனக்கு முன்னாடி ஓடுனனில்ல, நீ சத்தத்தக் கேக்கோணும்னுதான் ஓடுனேன். நீ வந்து சப்பாத்தியா சாதமான்னு கேட்ட.”

“நீ சொல்லிருக்கலாமே.”

“நானா நிறுத்துனா மறுபடியும் நாந்தான் கெடுத்தேன்னு ஆகிரும்க்கா. போன தடவ மாதிரியே. நீ நிறுத்துனா, டீச்சர் சொல்லிட்டாங்கன்னு போயிருக்கும். அவங்க ரெண்டு பேரும் எங்கூடப் பேசறத உட்டுருவாங்கன்னு பயமா இருந்துச்சு. ஆறு வாரமா உன்ற பிளைட் எப்ப வருதுன்னுதான் பாத்துட்டிருந்தேன்.”

மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்றாள். அந்தச் ‘சரி’யில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

வியாழன் முழுதும் அவள் தூங்கினாள். வெள்ளி காலை பத்து மணிக்குக் காகிமாவைத் துணைக்கு வைத்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய் கொடுத்து ராஷ்பிஹாரி போய், அங்கிருந்து காளிகாட் சந்துக்கு நடந்தேன். செம்பருத்தி மாலை, பேடா, புகைப்படம் என்று வழியெல்லாம் கூப்பிட்டார்கள். தபன்தாவின் கடை ஆறடி அகலம். கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளை வளையல்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து, தன் மணையைக் கொடுத்தார்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். அட்டவணையைச் சுருக்கியது, திங்கட்கிழமை பார்த்தது, பேருந்து சன்னல். ஒரு பெண் வளையல் கேட்டு வந்தாள். அவர் அவளைச் சற்று நிற்கச் சொன்னார்.

“ரெண்டு வாரமா எனக்கும் வலிக்குது, திதி,” என்றார். ஐம்பத்தாறு வயதுக்காரர் என்னை அக்கா என்று கூப்பிட்டார். “வலது கால். பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும்னு அட்டவணையில இருந்துச்சு.”

இருந்தது. நான்தான் எழுதியிருந்தேன்.

செருப்பைக் கழற்றச் சொன்னேன். கூச்சப்பட்டார். பெண்பிள்ளை தன் காலைத் தொடுவதா என்று அந்தப் பெண்ணைப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டேன். கட்டை விரலால் ஒவ்வொரு எலும்பாக அழுத்திக்கொண்டு வந்தேன். இரண்டாவது எலும்பின் நடுவில் வந்ததும் அவர் மூச்சை இழுத்துப் பல்லைக் கடித்தார். மறுபடி அழுத்தினேன். அதே இடம். அந்தக் காலில் நின்று குதிக்கச் சொன்னேன். கடை விட்டத்தைப் பிடித்துக்கொண்டு முயன்றார். முடியவில்லை.

“நீங்க ஓடக்கூடாது,” என்றேன்.

“இன்னும் அஞ்சு வாரம் இருக்கே.”

“கூடாது. இன்னிக்கே எக்ஸ்ரே எடுங்க. அந்த ஷூவ இனி தொடாதீங்க.”

“நாலு பேர்ல ரெண்டு பேர் போனா அணி ஏது, திதி?”

“இல்லை,” என்றேன். “அணி இல்லை.”

அவர் மணையில் உட்கார்ந்து வெகுநேரம் தன் பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் மைதானத்துக்குப் போகிறவர். பிறகு மிதாலியைக் கூப்பிட்டு வங்காளத்தில் பேசினார். அவள் அழுவது கைபேசிக்கு வெளியே கேட்டது. அவளையும் கால் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். பெயரை விலக்கிக்கொள்கிற கடிதத்தை அவளே அனுப்பிவிடுவதாகச் சொன்னாளாம்.

நான் எழுந்தபோது அவர் கேட்டார்: “ஞாயித்துக்கெழம சாயங்காலம் கவிதா வீட்டுக்கு நாங்க வரலாமா? கோபமா இருப்பாளா?”

“நீங்க கோபமா இருப்பீங்கன்னு அவ பயந்துட்டிருக்கா,” என்றேன்.

அவருக்கு அது புரியவே இல்லை. “எதுக்கு?” என்றார்.

சனிக்கிழமை காகிமா மேலே வந்து, கவிதாவுக்குத் தலை பின்னிவிட்டார். எந்த மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று எனக்குச் சொன்னார். அவள் பயந்தால் நகத்தைக் கடிப்பாள் என்றும் சொன்னார். எங்கள் வீட்டில் இருந்தவரை கவிதா நகம் கடித்து நான் பார்த்ததில்லை. நாலைந்து வருடமாக நாங்கள் இருவரும் ஃபோனில் பேசியதெல்லாம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், எங்கே வலி, அதற்கு என்ன செய்யலாம் என்பவைதான். இந்த ஊருக்கு இதற்கு முன் நான் வந்தது ஒரே ஒரு தடவை, அவள் மகளின் முதல் பிறந்தநாளுக்கு.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்குக் கார் வரச் சொல்லியிருந்தேன். அன்றும் வெயில் இல்லை. கோவையில் இந்நேரம் துணி காய்ந்திருக்கும். இங்கே ஒன்பது நாளாக என் துணிகள் ஈரம் போகாமல் கொடியில் தொங்கின, அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்தேன். மாலை தபன்தாவும் மிதாலியும் வருவார்கள் என்று கவிதாவிடம் சொன்னேன். அவள் தலைமாட்டிலிருந்து நல்ல சால்வையை எடுத்துத் தரச் சொன்னாள்.

சால்வையைப் போர்த்திவிட்டேன்.

“மறுபடி எப்பக்கா வருவ?”

“நீ நடக்க ஆரம்பிச்சதும் வாரேன். மொதல்லருந்து மெதுவா, ஒரு வருசத்துக்கு அட்டவணை போட்டு...”

“அக்கா.” அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “ஓட வராத. சும்மா வா.”

கீழே கார்க்காரர் ஹாரன் அடித்தார். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். விமான நிலையம் வரை இருபத்தைந்து கிலோமீட்டர். கார் பெஹாலாவைத் தாண்டும் முன்பே பள்ளி நாட்காட்டியை எடுத்து, அடுத்த விடுமுறை எப்போது என்று பார்த்தேன். ஏப்ரல் கடைசி.